ஒரே பணப்பை

ஐரோப்பா என்றால் பணக்காரர்கள் போகுமிடம் என்றுதானே நினைக்கிறீர்கள்? தோட்டத்தில் பிறந்த தோழியர் நால்வர் நாங்கள். மாதாமாதம் வெள்ளி சேர்த்துப் போய் வந்தோம்.

லக்ஸம்பர்க் நாட்டில் 2020 முதல் பஸ்ஸுக்கும் சாதாரண வகுப்பு ரயிலுக்கும் கட்டணமே கிடையாது. வியன்னாவில் குழாயைத் திறந்தால் மலையூற்று நீர். 1873-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அங்கிருந்து இரவு ரயிலில் உட்கார்ந்தபடியே ரோமுக்குப் போனோம். ஓர் இரவு அறை வாடகை மிச்சம்!

ரோமில்தான் சோதனை வந்தது. தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒருத்தி தன் கைப்பணத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "நான் அறையிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள்" என்றாள். மற்ற மூவரும் ஒப்பவில்லை. மிஞ்சிய காசையெல்லாம் ஒரே பையில் போட்டோம். பசிக்கு ரொட்டியும் பழமும், தாகத்துக்குத் தெருக்குழாய்த் தண்ணீர். அந்நகரில் 1874 முதல் அப்படிப்பட்ட குழாய்கள் உண்டு. புனித பேதுரு பேராலயத்தினுள் கட்டணமின்றி நால்வரும் ஒன்றாகவே நுழைந்தோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் தூரதேசம் போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். கையில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன், கூட வருவது யார் என்று கேளுங்கள்.