கொதிக்கக் கொதிக்க

“இந்த சூப் ரொம்ப கூல், ஒன்னி.”

எதிரே மண்சட்டியில் சோயா முளைபோட்ட குக்பப் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஜொன்ஜு ஊரின் பேர்பெற்ற சாப்பாடு அது. (ஒன்னி என்றால் ஒரு பெண்ணுக்கு அக்கா. முதல்முறை கேட்டபோது, எந்த அண்ணனுக்கு என்னைக் கட்டிவைத்தாள் என்று திகைத்தேன்.)

டோயிக் தேர்வுக்காக என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்தவள். கையில் எப்போதும் தானொஜாங், அதாவது சொற்குறிப்பு நோட்டு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் கொரியன். கூலுக்கு எதிரே ‘ஷிவொன்ஹாதா’ என்றிருந்தது.

அகராதிமேல் குற்றமில்லை. ஆற்றங்காற்றுக்கு அது சரி. ஆனால் முதுகு சொறிந்துவிட்டாலும், மனதில் அடைத்ததைக் கொட்டித் தீர்த்தாலும் ஷிவொன்ஹாதாதான். வெந்நீர்த் தொட்டியில் இறங்கிய அப்பா அப்படிச் சொல்லிப் பெருமூச்சுவிட, அதை நம்பிக் குதித்த பிள்ளை அலறியதாக அங்கே ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு.

“சூப்பைக் கூல் என்றால், ஆறிப்போச்சு என்று எடுத்துப்போய்ச் சுடவைத்துவிடுவார்கள்” என்றேன். ஆளைக் கூல் என்றால் பாராட்டு, வரவேற்பைக் கூல் என்றால் முகம் கொடுக்கவில்லை என்று பொருள் என்றும் சொன்னேன். போதாக்குறைக்குக் கொரியர்களிடமே ‘கூல்ஹாதா’ இருக்கிறது. நாம் ‘ஆன’ சேர்ப்பதுபோல் அவர்கள் ‘ஹாதா’ சேர்த்துக்கொள்கிறார்கள். காதல் முறிந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடப்பவன் கூல்ஹாதா. பாவம், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

விளக்கும்போதே தாத்தா நினைவுக்கு வந்தார். ஆடிக்கூழ் குடித்தால் வயிறு குளிரும், அதில் அதிசயமில்லை. சுடுசோற்றில் மிளகு ரசம் ஊற்றி, நெற்றி வேர்க்கச் சாப்பிட்டு எழும்போதும் அவர் “வயிறு குளிர்ந்துச்சு தாயி” என்றுதான் சொல்வார். ஆக, அவள் சொன்ன வாக்கியத்தில் ஆங்கிலம் மட்டும்தான் தப்பு. அதை அன்று அவளிடம் சொல்லவில்லை. ஆசிரியை என்கிற மிடுக்கு.

நான் ஊர் திரும்பிய நாளில் பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தாள். “ஷிவொன்சொப்சொப்ஹாதா” என்றாள். பாடம் முடிந்ததில் நிம்மதி, நான் போவதில் வருத்தம், இரண்டும் ஒரே சொல்லில். “இதுக்கு இங்கிலீஷ்ல என்ன, ஒன்னி?”

எனக்குத் தெரிந்த எதுவும் பொருந்தவில்லை. வலப்பக்கத்தில் எழுதினாள், இடப்பக்கத்தைக் காலியாக விட்டாள். பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பழைய கடைக்கே போனோம். சட்டி வந்தது. இருவரும் ஊதிக்கொண்டே இருந்தோம்.