நாற்பது போகி

“தம்பி, இந்தக் கிச்சன்ல பேச்சுன்னா கோஸ். போகின்னா எண்ணிக்கை. இன்னிக்கு நாப்பது போகி பேச்சு கெடக்கு. வாய்ப்பேச்ச அப்புறம் வச்சுக்கலாம், மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க.”

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிம்ச்சி போடும் நீளமான சீன முட்டைக்கோசுக்குக் கொரிய மொழியில் கிட்டத்தட்ட ‘பேச்சு’ என்றுதான் பெயர். முழுக்கோசாக எண்ணும்போது ஒரு போகி, இரண்டு போகி என்பார்கள். அதே ஒலியில் ‘கைவிடுதல்’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் உண்டு. போகி என்பது கோஸ் எண்ணுவதற்கு மட்டும்தான் என்று சொல்லி, மனம் சோர்ந்தவர்களைத் தட்டிக்கொடுப்பது அவர்கள் வழக்கம். நமக்குப் போகி என்றால் பழையதைக் கொளுத்தும் நாள். இங்கேயோ புதியதைப் பழையதாக்கத்தான் விடிகாலையிலிருந்து மெனக்கெடுகிறார்கள்.

2024 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூர் தேக்காவில் காப்பி குடித்துவிட்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினேன். ஊட்ரம் பார்க்கில் மாறினால் அடுத்த நிறுத்தம் தஞ்சோங் பகார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் தஞ்சோங் பகார் சாலை மணப்பெண் உடுப்புக் கடைகளுக்குப் பேர்போனது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வெள்ளைக் கவுன்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கொரிய இறைச்சி சுடும் கடைகளின் புகைக்குழாய்கள் இறங்கின. இதற்கெல்லாம் வெகு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழர்கள் குடியிருந்த வட்டாரம் அது. பக்கத்தில் கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகர் இன்னும் இருக்கிறார். 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு மட்டும் இப்போது வண்டி வருவதில்லை. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அக்காவுக்கு அதில் தீராத மனக்குறை. “அந்த ரயில் இருந்தா ஜேபில ஏறி வேலை வாசல்ல எறங்குவேன். இப்போ நாலு மணிக்கு எழுந்திரிச்சு பஸ்ஸு, இமிகிரேஷன், மறுபடியும் பஸ்ஸு.” ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைத்தபடி 1924 முதல் இருக்கும் அந்த ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தைத் தினமும் மூன்று லட்சம் பேர் போலக் கடக்கிறார்கள். அதில் எத்தனை பேர் கையில் பூண்டு மணக்கிறதோ தெரியாது. அக்கா கையில் மணக்கும். வீரமாகாளியம்மன் கோவில் அன்னதான வரிசையில் அவரை நான் தெரிந்துகொண்டதே அந்த மணத்தை வைத்துத்தான்.

அக்கா வேலை செய்யும் கடைவீட்டின் கீழே கொரிய உணவகம், மேல்மாடியில் கிம்ச்சி அறை. ஈரத்தரை, ரப்பர் பூட்ஸ், ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். வேலையாட்கள் மூன்று பேர்: முதலாளியின் அம்மா, ஜொகூர் பாருவிலிருந்து வரும் அக்கா, ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீனப் பையன். முதலாளியின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் கட்டுமான வேலைக்காக 1980-களில் சிங்கப்பூர் வந்தவர். ராஃபிள்ஸ் சிட்டியையும் பின்னாளில் மரினா பே சாண்ட்ஸையும் கட்டியது ஸங்யோங் என்ற கொரிய நிறுவனம். கொரியச் சமையல் இந்த ஊருக்கு வந்ததில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இருக்கும் பங்கு சிமெண்ட் கலவைக்கும் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை.

அந்த அம்மாவை அக்கா ‘இமோ’ என்று கூப்பிடுகிறார். இமோ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். நாம் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்ணை அக்கா என்பதுபோல, கொரியாவில் எந்தக் கடைக்கார அம்மாளும் எல்லோருக்கும் இமோதான். இந்தக் கிச்சனில் சீனப் பையன் உட்பட எல்லோரும் இவரை ‘அக்கா’ என்பதால், அதுதான் இவர் பெயர் என்று இமோ எட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். தங்கள் வழக்கப்படி விளிக்கும்போது ஒரு ‘யா’ சேர்த்து “அக்காயா!” என்று கூவுகிறார்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை வரும். அம்மா, அப்பாவுக்குக் கொரியத்தில் ஒம்மா, அப்பா, புல்லுக்குப் ‘புல்’, ஆகவே நாம் ஒரே குலம், பாண்டிய நாட்டு இளவரசி கடல் கடந்து போய் அங்கே அரசியானாள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணநூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. எனக்கும் அதில் நாட்டமில்லை. கிம்ச்சிக் கலவைக்குக் காய்ச்சும் அரிசிக்கூழையும் அவர்கள் ‘புல்’ என்றுதான் சொல்கிறார்கள்; அதற்காகக் கூழைப் புல் என்று நாம் மேய முடியாது. அந்தத் தொட்டியைச் சுற்றி நான் பார்த்த உறவு வேறு மாதிரி.

முதல் நாள் இரவு கடை அடைத்ததும் வேலை தொடங்கிவிடுகிறது. கோஸின் அடித்தண்டில் நான்கு விரல் ஆழத்துக்கு மட்டும் கத்தி வைத்து, மிச்சத்தைக் கையால் பிளக்கிறார்கள். முழுக்கக் கத்தி போட்டால் உள்ளிலைகள் நொறுங்கி வீணாகும். உப்புத்தண்ணீரில் முக்கி எடுத்து, இலை இலையாக விரித்து, கடல் கல்லுப்பைத் தூவ வேண்டும். தடித்த வெள்ளைத் தண்டுக்கு நிறைய, பச்சை நுனிக்குக் கொஞ்சம். பொடியுப்பு ஆகாது. அது மேலே மட்டும் பிடித்து உள்ளே ஏறாது. நடுராத்திரி கடந்து யாராவது ஒருவர் எழுந்து, தொட்டியின் அடியில் இருப்பதை மேலேயும், மேலே இருப்பதை அடியிலுமாக மாற்றிப் போடவேண்டும். அதை இமோ யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான் போனபோது பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டை மடக்கினால் ஒடியக்கூடாது, வளையவேண்டும், வளைந்தாலும் துவளக்கூடாது. வீட்டில் மோர்மிளகாய்க்குப் பார்க்கும் பதத்துக்கு இது அண்ணன் தம்பி. பிறகு மூன்று தண்ணீரில் அலசி, வெட்டுமுகம் கீழே இருக்கும்படி தட்டுகளில் கவிழ்த்து வடியவிட்டார்கள். வடிவதற்கு இரண்டு மணி நேரம். அதற்குள் கலவை.

முள்ளங்கியைத் தீக்குச்சி கனத்தில் சீவுவது சீனப் பையன் பாடு. ஒட்டரிசி மாவுக்கூழ் ஆறியதும் அதில் மிளகாய்த்தூள், அரைத்த பூண்டு, இஞ்சி, பேரிக்காய், உப்பில் ஊறிய சின்ன இறால், நெத்திலிச் சாறு. கூழ் எதற்கு என்று கேட்டேன். கலவை இலையில் ஒட்டுவதற்கும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகவும். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் இதே குடும்பத்து நுண்ணுயிர்தான். மிளகாய்த்தூள் மட்டும் கொரியாவிலிருந்தே வரவேண்டும் என்பது சட்டம். விதை நீக்கி, கொரகொரப்பாக இடித்தது; சிவப்பு அதிகம், உறைப்பு குறைவு, கடைசியில் ஓர் இனிப்பு. ஒருமுறை சரக்கு வரத் தாமதமாக, அக்கா லிட்டில் இந்தியாவில் காஷ்மீர் மிளகாய் வாங்கி, விதை உதிர்த்து, மில்லில் கொரகொரவென்று திரித்துக் கொண்டுவந்தாராம். இமோ விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “நிறம் ஜெயிச்சுது, இனிப்பு தோத்துது” என்றாராம். அமெரிக்காவில் விளைந்த செடி அது. தமிழ்நாட்டுக்கும் கொரியாவுக்கும் நானூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்தது. இரண்டு ஊரும் தங்கள் மிளகாய்தான் மிளகாய் என்கின்றன.

இமோ தென்மேற்கிலுள்ள ஜொல்லா பகுதிக்காரர். கொரியாவில் வடக்கே போகப் போகக் கிம்ச்சியில் உப்பும் மீன்சாறும் குறையும், தெற்கே வர வரக் கூடும். குளிர் குறைந்த இடத்தில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் உப்பு காவல் நிற்கிறது. “அப்போ இன்னும் தெற்கே, பூமத்தியரேகைக்குப் பக்கத்துல இருக்கிற நாம எவ்வளவு உப்புப் போடணும்?” என்று அக்கா மூலமாகக் கேட்டேன். மலாய், ஆங்கிலம், கொரியம் மூன்றும் கலந்து கேள்வி போனது. இமோ சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரி அளவு குளிர்ப்பெட்டியின் கதவைத் தட்டிக் காட்டினார். அதுதான் இங்கே பனிக்காலம்.

கொரியாவில் கிம்ச்சி போடுவது உண்மையான பனிக்காலத்து வேலை. முன்பெல்லாம் நவம்பர் கடைசியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, ஒரு வீட்டுக்கு நூறு போகிகூடப் போட்டு, மண்ஜாடிகளில் அடைத்துத் தரையில் புதைப்பார்கள். கிம்ஜாங் என்று பெயர். அதற்காகவே கம்பெனிகள் போனஸ் கொடுத்த காலம் உண்டு. “நம்ம தீவாளி போனஸ் மாதிரி,” என்றார் அக்கா. 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் தென்கொரியாவின் கிம்ஜாங் சேர்ந்தது. இரண்டு வருடம் கழித்து வடகொரியாவின் கிம்ச்சியும். எல்லைக்கு இரு பக்கமும் ஒரே தொட்டி. சிங்கப்பூரில் அது செவ்வாய்க்கிழமை வேலையாகச் சுருங்கிவிட்டது. ஆனால் நான் போன வாரம் கொரியாவின் நிலைமையும் நன்றாக இல்லை. வெயில் கொளுத்தி மலைத்தோட்டக் கோஸெல்லாம் கெட்டு, சோலில் ஒரு போகி பத்தாயிரம் வோனை நெருங்கிக்கொண்டிருந்தது. சீனாவிலிருந்து கோஸ் இறக்குமதி செய்யப்போவதாக அரசு அறிவித்தது. இமோ அந்தச் செய்தியைத் தொலைபேசியில் எங்களுக்குக் காட்டிவிட்டு, தொட்டியைப் பார்த்தார். அதில் இருந்ததும் சீனக் கோஸ்தான்.

வடிந்த கோஸ் வந்ததும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். முழங்கை வரை சிவப்பு ரப்பர் கையுறை. ஒவ்வோர் இலையையும் தூக்கி, தண்டோடு சேரும் இடத்தில் கலவையைத் தடவி, நுனியில் லேசாக இழுத்துவிட்டு, அடுத்த இலை. எல்லாம் முடிந்ததும் வெளியிலையால் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் ஒரு சுற்று. நானும் இரண்டு போட்டேன். இமோ என் கட்டைப் பிரித்துத் திரும்பச் சுற்றினார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்போதுதான் கவனித்தேன். கலவையில் உப்பு, காரம் எல்லாவற்றையும் சேர்த்தது அக்கா. ஒருமுறைகூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. புரட்டாசி பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. இறாலும் நெத்திலியும் விழுந்த கலவையை அவர் நாக்கு தொடாது. கிண்டும்போது கை எவ்வளவு கனக்கிறது, தூள் ஊறி எப்படி மினுக்குகிறது, எந்த நேரத்தில் பச்சைப் பூண்டு வாடை அடங்குகிறது என்று பார்த்து நிறுத்தினார். இமோ ஒரு துண்டு இலையைத் தோய்த்துத் தின்றார். தலையாட்டினார்.

“எப்படி அக்கா?”

“அமாவாசைக்கு அம்மாவுக்குப் படைக்கறப்போ ருசி பாத்தா வைக்கிறோம்? உப்பு கையிலதான தம்பி இருக்கு.”

கொரியர்கள் இதற்கு ‘சொன்மத்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொன் என்றால் கை, மத் என்றால் ருசி. நாம் கைப்பக்குவம் என்போம். அளந்து போடுபவர்களுக்கு வாய்க்காதது, தாயிடமிருந்து மகளுக்கு வருவது என்றெல்லாம் அவர்கள் அதைக் கொண்டாடுவார்கள். கீழே உணவகத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ‘பாரம்பரியச் சுவை’ என்று எழுதியிருந்தது. அந்தச் சுவை புரட்டாசி மாதத்தில் ஜொகூர்த் தமிழச்சி ஒருத்தியின் ருசி பார்க்காத கையிலிருந்து வருகிறது என்பது அங்கே இறைச்சி சுடும் யாருக்கும் தெரியாது. இமோவின் மகளுக்கு வங்கி வேலை. கிம்ச்சியைக் கடையில் வாங்குகிறாளாம். இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று நினைக்கிறேன்.

முந்தைய வாரம் கொரியர்களுடைய சுசோக் பண்டிகை. எட்டாம் சந்திர மாதத்துப் பௌர்ணமி. முன்னோருக்குப் படையல். புது அரிசி மாவில் எள்ளோ பயறோ இனிப்பாகப் பூரணம் வைத்து, பைன் இலை பரப்பி வேகவைக்கும் கொழுக்கட்டையும் உண்டு. அழகாகப் பிடிப்பவளுக்கு அழகான மகள் பிறப்பாளாம். படையலில் மிளகாயும் பூண்டும் சேராது, ஆவிகள் விலகிப்போகும் என்று. நம் திதிச் சமையலிலும் வெங்காயம், பூண்டு விலக்கு. சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்துவது செத்தவர்களுக்கு மட்டும் என்பதால் சாப்பாட்டு மேசையில் அப்படி நிறுத்தினால் பெரியவர்கள் திட்டுவார்கள். நம் வீட்டில் இலையை மாற்றிப் போட்டால் விழும் அதே திட்டு. அந்தப் பௌர்ணமிக்குப் பதினைந்தாம் நாள் நமக்கு மகாளய அமாவாசை, அக்டோபர் 2. அன்று அக்காவுக்கு விடுப்பு. ஏன் என்று இமோ கேட்பதில்லை.

நாற்பதும் முடிந்தன. கிம்ஜாங் முடிந்ததும் வேலை செய்தவர்களுக்கு வேகவைத்த பன்றியிறைச்சியும் அன்றைய பச்சைக் கிம்ச்சியும் கொடுத்து, ஆளுக்கொரு பங்கும் கட்டித்தர வேண்டும் என்பது முறை. செவ்வாய்க்கிழமைகளிலும் அது விடுபடவில்லை. சீனப் பையன் தட்டை எடுத்துக்கொண்டான். அக்கா சோற்றோடு ஒதுங்கி உட்கார்ந்தார். இமோ எழுந்துபோய் ஒரு சின்னப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் தனியாக ஒரே ஒரு கோஸ். இறாலும் மீன்சாறும் இல்லாமல், கடற்பாசி கொதித்த தண்ணீரும் சோயாச் சாறும் விட்டு, புரட்டாசி பிறந்த அன்றே இமோ போட்டு வைத்தது. ஓர் இலையைக் கிழித்து, விரலால் சுருட்டி, அக்கா வாயில் ஊட்டினார். அது பரிமாறுவதல்ல, கிம்ச்சி போடும் இடத்தில் பெரியவள் சின்னவளுக்கு அப்படித்தான் கொடுக்கவேண்டுமாம். அடுத்த இலை எனக்கு வந்தது. பூண்டு முதலில், பிறகு புளிப்பு, காரம் நிதானமாக. தயிர்ச்சோறு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டப்பாக்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கும்போது எட்டிப் பார்த்தேன். எல்லா மூடியிலும் மை பேனாவால் கொரிய எழுத்தில் தேதி. கீழ்த்தட்டின் ஓரத்தில் இருந்த ஒரு டப்பாவில் மட்டும் தமிழில் ‘சை’ என்று எழுதியிருந்தது. ஐகாரத்தின் சுழி தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

“சைவத்துக்குச் ‘சை’. நான் எழுதினதில்ல தம்பி,” என்றார் அக்கா, கையுறையை உரித்துக்கொண்டே. “போன வருஷம் ஒரு தடவை எழுதிக் காட்டினேன்.” மணியைப் பார்த்துவிட்டு அந்த டப்பாவை எடுத்துப் பையில் வைத்தார். நாலு மணி பஸ்ஸை விட்டால் பாலத்தில் கூட்டம் சேர்ந்துவிடும்.