நீளுகிற கை

பிரான்சின் கட்டட வேலைத்தளங்களில் சேற்றில் ஓடிப் பாரம் தூக்குகிற எல்லா இயந்திரத்துக்கும் பெயர் ஒன்றுதான்: மனித்தூ. எந்தக் கொம்பனி செய்ததென்று யாரும் பார்ப்பதில்லை. 1950களின் இறுதியில் ஆன்செனி என்ற ஊரில் மார்செல் புறோ என்பவர் உழவு இயந்திரம் ஒன்றின் ஓட்டத்தைப் பின்முன்னாய்த் திருப்பி, பெரிய சில்லுகளின் பக்கம் தூக்கும் சட்டத்தைப் பூட்டினார். அங்கிருந்து வந்த பெயர். அதற்குள் இரண்டு வேறு இயந்திரங்கள் ஒளிந்திருப்பதை நாங்கள் காசு கொடுத்துத்தான் படித்தோம்.

ஒன்று, ஏணிபோல நிமிர்ந்த சட்டத்தில் கவை நேரே மேலே போவது. மற்றது, நீளுகிற கையோடு வருவது. ஓட்டுபவருக்கான கஸெஸ் அட்டை இரண்டுக்கும் ஒன்றே. அந்நாளில் ஒன்பதாம் பிரிவு, 2020 முதல் எஃப் பிரிவு. எதை எடுப்பதென்று அட்டை சொல்லாது.

2003 மாரியில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பாரிசுக்குக் கிழக்கே சில மாடிவீடுகளுக்குச் சுவர் கட்டும் வேலையை எடுத்தோம். வாடகை குறைவென்று நிமிர்ந்த சட்டக்காரனைப் பிடித்தோம். லொறியிலிருந்து கல் இறக்க அதைப்போல வேறில்லை. சீமெந்துக்கல் ஒன்று இருபது கிலோவை ஒட்டி வரும், ஒரு தட்டில் அறுபது கல். அந்த 1,200 கிலோவைச் சில்லுப் புதையும் சேற்றுக்குள்ளாலும் அலுங்காமல் கொண்டுவந்து வைக்கும். வில்லங்கம் மேல்மாடியில் தொடங்கியது. சுவருக்கு முன்னால் ஒரு மீற்றர் அகலத்துக்குச் சாரக்கட்டு. கவை உயரத்துக்குப் போனது, உள்ளே போகவில்லை. தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு அது நிற்க, நாங்கள் ஒவ்வொரு கல்லாய்க் கையால் எடுத்தோம். மிச்சம்பிடித்த வாடகை எங்கள் நாரியால் போயிற்று.

அடுத்த வேலைக்கு நீளுகிற கைதான் என்று முடிவெடுத்தோம். நான்கு தொன் தூக்கும் என்றார்கள். பொய்யில்லை. கை மடங்கியிருக்கும்வரை நான்கு தொன். முழுக்க நீட்டினால் ஒரு தொன்னுக்குக் கிட்ட. இருக்கைக்கு முன்னால் ஒட்டியிருந்த படத்தில் அது கோடு கோடாய் வரைந்திருந்தது. நாங்கள் நான்கை மட்டும் வாசித்தோம்.

ஊரில் துலா மிதித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே ஆள், அதே நிறை. ஓரடி முன்னுக்கு வைத்தால் பட்டை இறங்கும், பின்னுக்கு வைத்தால் ஏறும். இந்த இயந்திரத்துக்கு முன்சில்லுகள்தான் துலாக்கால்.

அட்டை வைத்திருந்தவர் அன்று பல்வைத்தியரிடம் போயிருந்தார். ஓட்டியது எங்களில் அட்டையில்லாத இளையவர். மேலே கொண்டுபோன தட்டு அந்த வீட்டுக்கு உரியதல்ல என்று கண்டு திருப்பி இறக்கச் சொன்னோம்.

“கீழ விடட்டோ அண்ணை?”

“விடு, மெதுவா விடு.”

கை நீண்டபடியே இறங்கியது. தூக்குவதுதான் ஆபத்து, இறக்குவதில் என்ன இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஆனால் நீட்டிய கை தாழத் தாழப் பாரம் முன்னுக்குப் போகிறது. முதலில் கையை உள்ளே இழுத்துவிட்டுத்தான் இறக்கவேண்டும். பின்சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பின. எங்களில் மூத்தவர் முன்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தார். தட்டு அவருக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அவர் கொஞ்சநேரம் சேற்றிலேயே இருந்தார். பிறகு சிகரெட் கேட்டார். விட்டு ஏழு வருசமாகியிருந்தது. இதை நாங்கள் வீடுகளில் சொல்லவில்லை.

2010ஐ ஒட்டி வரத்தொடங்கிய புதிய இயந்திரங்கள், கவிழப்போகும் பக்கமான அசைவைத் தாமே நிறுத்திவிடுகின்றன. நல்லதுதான். என்றாலும் லொறி இறக்கல், கீழ்மாடிச் சுவர் என்றால் நாங்கள் நிமிர்ந்த சட்டக்காரனையே எடுக்கிறோம். அவனுக்கு ஆசைகாட்டத் தெரியாது. மற்ற வேலைகளுக்கு வாடகை பேசமுன் மூத்தவர் தளத்துக்குப் போய், முன்சில்லு நிற்கக்கூடிய இடத்திலிருந்து சுவர்வரை காலடியால் அளந்து வருவார். அவருடைய காலடி பெரிது. நாங்கள் அரை மீற்றர் கூட்டிக்கொள்ளுவோம்.