வானகரம் மார்க்கெட்டில் வெட்டி எறியும் செல்வம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டினால் வானகரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கையில் பையோடு மீன் மார்க்கெட்டுக்குப் போகும் கூட்டமே வழி காட்டிவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் அன்றைக்கு மணக்கும் குழம்பில் பாதி இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும்.

மீன் வாங்கியதும் கூட்டம் நகர்வது வெட்டுகிற இடத்துக்கு. செதில் பறக்கிறது, செவுளும் குடலும் கூடையில் விழுகின்றன. கட்லா தலையை மட்டும் சிலர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ருசி தெரிந்தவர்கள்! மீதி கழிவுதான். பெரிய மீன் என்றால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. சென்னை வெயிலில் மதியத்துக்குள் நாறிவிடும். சற்று வடக்கே கூவம் ஓடுகிறது. அது ஏற்கெனவே சுமப்பது போதாதா?

இந்தக் கூடையில் இருப்பது நல்ல புரதம். அதைக் கோழி, மீன் தீவனமாக்க பெரிய ஆலை தேவையில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் போதும். கழிவை அன்றன்றே பொடியாக அரைத்து, 100 கிலோவுக்குச் சுமார் மூன்றரை கிலோ பார்மிக் அமிலம் சேர்க்க வேண்டும். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் அதே அமிலம்தான். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. இரும்புப் பாத்திரமும் ஆகாது, அரித்துவிடும். புளிப்பு ஏறியதும் அழுகவைக்கும் கிருமிகள் அடங்கிவிடும். மீனின் குடலில் உள்ள செரிமான நொதிகளே சதையைக் கரைக்கும். தினமும் கிளறிவிட்டால் சில நாட்களில் கூழாகிவிடும். மாதக்கணக்கில் கெடாது. வெயில் இங்கே எதிரியல்ல, கரையும் வேலையை அது வேகப்படுத்தும்.

இப்படிப் புளிக்கவைத்துப் பாதுகாக்கும் யோசனைக்கு வேர் பின்லாந்தில் இருக்கிறது. மாட்டுத் தீவனத்தை அமிலத்தில் கெடாமல் வைக்கும் முறையைக் கண்ட விர்டானனுக்கு 1945-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சென்னையிலும் வேலை நடந்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், மீன் கழிவிலிருந்து 'பிளாங்டன் பிளஸ்' என்ற திரவத்தை உருவாக்கியது. இறால், மீன் குளங்களில் இயற்கை உணவான மிதவை உயிரிகளைப் பெருக்குவதற்கானது அது. செடிகளுக்கு 'ஹார்ட்டி பிளஸ்'.

கூழில் ஒரு சிக்கல் உண்டு. முக்கால் பங்கு தண்ணீர். அதை நாமக்கல் வரை லாரியில் ஏற்றினால் வாடகைக்கே கட்டாது. அதனால் தவிட்டில் பிசைந்து காயவைப்பதே வழி. தவிட்டுக்கு அலைய வேண்டாம், அரிசி ஆலைகள் நிறைந்த செங்குன்றம் பக்கத்தில்தான். கோழிக்கு அளவாகவே கலக்க வேண்டும். மீன் எண்ணெய் கூடினால் முட்டையிலேயே மீன் வாடை வரும். ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்டை யாரும் தொடமாட்டார்கள்!

மார்க்கெட்டிலேயே முதல் டிரம் வைத்தால்தான் இது நடக்கும். கழிவு பிளாஸ்டிக் பையோடும் ஐஸ் தண்ணீரோடும் கலந்து, குப்பை வண்டிக்காக மாலை வரை கிடந்தால், எந்த அமிலமும் அதைத் தீவனமாக்காது. வெட்டும் பலகைக்குக் கீழே தனிக் கூடை, அதைச் சுமந்து வருபவருக்குக் கிலோவுக்கு ஒரு விலை. முதலில் வேண்டியது இவ்வளவுதான்.