லெவல் கிராஸ் நீலம்

அமெரிக்காவின் வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோ நகருக்குத் தெற்கே இருக்கும் சிற்றூர் லெவல் கிராஸ். ஸ்டாக் கார் பந்தயத்தில் 200 வெற்றிகளைக் குவித்த ரிச்சர்ட் பெட்டியின் ஊர். அவருடைய தந்தை லீ பெட்டி, 1959இல் முதல் டேட்டோனா 500 பந்தயத்தை வென்றவர். வீட்டையொட்டிய அவர்களின் பழைய பட்டறையே இன்று அருங்காட்சியகம்.

நான் அங்குப் போனது ஒரு நிறத்தைப் பார்க்க. 1970இல் ரிச்சர்ட் ஓட்டிய பிளிமத் சூப்பர்பேர்டின் மாதிரி கிட் ஒன்றை என் அண்ணன் வாங்கி வைத்திருந்தார். அசலில் 24இல் ஒரு பங்கு அளவு. பெட்டியைப் பிரிக்காமலே அவர் காலமாகிவிட்டார். படத்துக்குப் படம் அந்த நீலம் மாறியதால், நானும் தொடத் தயங்கினேன்.

நேரில் அது பளிச்சென்ற வெளிர்நீலம். ஒரு காருக்கு வெள்ளையும் போதவில்லை, நீலமும் போதவில்லை. இரண்டையும் கலந்து அடித்தார்களாம். அப்படிப் பிறந்த நிறத்தைக் கடைக் குப்பியில் தேடுவானேன்?

கோலாலம்பூர் திரும்பியதும் நானே கலந்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் படலம் கட்டும். அதனால் வெயிலடித்த நாளாகப் பார்த்து, வெள்ளை பிரைமர்மேல் மெல்லியதாக மூன்று பூச்சு. நன்கு காய்ந்தபின், கதவுகளில் 43ஆம் எண் ஸ்டிக்கரை நீரில் நனைத்து ஒட்டினேன்.

நீங்களும் கலப்பதானால், முழுக் காருக்கும் ஒரே தடவையில் கலந்துகொள்ளுங்கள். இரண்டாம் கலவை முதலாவதோடு ஒத்துப்போகாது.