உட்காரும் உரிமையும் பணியிட மனஅழுத்தமும்

பணியிட மனஅழுத்தம் வேலையின் அளவால் மட்டும் உண்டாவதில்லை. வேலைச்சுமை மிகுந்து, அதை எப்போது, எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை, அதாவது பணிக்கட்டுப்பாடு, குறைந்திருக்கும் இடத்தில்தான் அது உச்சத்தை அடைகிறது என்பது ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம்.

தமிழ்நாட்டுத் துணிக்கடைகளே இதற்குச் சான்று. வாடிக்கையாளர் வராத நண்பகலிலும், விரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்கியபடி, கால் வீங்கினாலும் சுவரில் சாயத் தயங்கி நிற்கும் விற்பனைப் பெண்ணுக்குத் தன் உடலின் ஓய்வைத் தீர்மானிக்கும் உரிமைகூட இல்லாதிருந்தது. கேரளம் 2018-இல் வழிகாட்ட, தமிழ்நாடு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்திப் பணியாளருக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. மிகத் தாமதமாக வந்த நீதி இது.

ஆயினும், நாற்காலியில் அமர்ந்தவரைக் கண்காணிப்பாளர் முறைத்துப் பார்க்கும் கடையில் அச்சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்டு நிற்கும் நிலையை ஒழிப்பதும், வார விடுப்பை முன்கூட்டியே அறிவிப்பதும், ஓய்வுமுறையைப் பணியாளர்களே தங்களுக்குள் பேசி வகுத்துக்கொள்ள விடுவதும், மனஅழுத்தத்தைக் குறைக்க நடத்தும் யோகா வகுப்புகளுக்கு முன்பாகவே நிர்வாகங்கள் செய்ய வேண்டிய, பெரும் செலவில்லாத மாற்றங்களாகும்.