மூன்று ஆண்டு இலவசம்

மின்சாரக் காரில் ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரு வசதியைப் பூட்டி, அதற்கு மாதச் சந்தா போட்டவன் நான். அந்தச் சந்தா யார் கையைக் கடிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மறைத்தேன். மறைத்ததற்குக் கூலியும் வாங்கினேன்.

ஓர் ஐரோப்பியக் கார் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் எனக்கு வேலை. விலை நிர்ணயக் குழு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களின் கோபம் அந்தப் பக்கம் திரும்பிவிடும், நான் நழுவிவிடுவேன்.

தொழிலின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். விவரம் தெரியாமல் நீங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பெட்ரோல் கார் விற்றவருக்கு வண்டி ஷோரூமை விட்டுப் போன பிறகும் வருமானம் உண்டு. எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் என்று வண்டி திரும்பத் திரும்ப சர்வீஸுக்கு வரும். மின்சாரக் காரில் இவை கிடையாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால் பிரேக் கட்டைகூட மெதுவாகத்தான் தேயும். பேட்டரியோ காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு 2023 ஜனவரியில் டெஸ்லா அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தடாலடியாக விலையைக் குறைத்தது. மற்றவர்களுக்கு மூச்சு முட்டியது.

அதற்கு முன்பே எல்லோருடைய கண்ணும் மென்பொருள் வருமானத்தின் மேல் விழுந்திருந்தது. 2030-க்குள் மென்பொருளிலும் சேவைகளிலும் ஆண்டுக்கு 2,000 முதல் 2,500 கோடி டாலர் ஈட்டுவோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 2021 அக்டோபரில் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டெல்லாண்டிஸ் 2,000 கோடி யூரோ என்றது. இந்த எண்கள் எங்கள் கூட்ட அறைத் திரையில் வந்துபோகும். அவற்றைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. வந்தது பயம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பயம் பிறகுதான் வந்தது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தோம். 2017-இல் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, மென்பொருளால் பேட்டரியின் அளவைக் குறைத்து விற்றிருந்த தன் கார்களில் டெஸ்லா தற்காலிகமாக முழுப் பேட்டரியையும் திறந்துவிட்டது. மக்கள் தப்பிப்போக அது உதவியது. உலகம் பாராட்டியது. நான் அதில் பார்த்தது, பூட்டையும் சாவியையும் எவ்வளவு தொலைவிலிருந்தும் இயக்கலாம் என்பதை மட்டும். 2022 நவம்பரில் மெர்சிடிஸ் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்களின் சீறிப்பாயும் வேகத்தைக் கூட்டித் தர ஆண்டுக்கு 1,200 டாலர் என்று அறிவித்தது. அதே ஆண்டு பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா போட்டது. சீட்டுக்கு அடியில் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. பணம் கட்டினால்தான் சூடாகும். கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2023 செப்டம்பரில் அதைக் கைவிட்டார்கள்.

இதிலிருந்து நேர்மையான ஒருவன் என்ன கற்றுக்கொள்வான்? காசு கொடுத்து வாங்கியவனிடம் அதே பொருளுக்கு மறுபடி காசு கேட்காதே என்று கற்றுக்கொள்வான். நான் கற்றது வேறு. சீட் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாததைப் பூட்ட வேண்டும். கைபேசிச் செயலிக்குள் இருப்பதைப் பூட்ட வேண்டும். அதையும் முதலில் வாங்கியவர் கையை விட்டுக் கார் போன பிறகு பூட்ட வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து பேசிக்கொண்டிருந்த தலைவர், கெட்டிக்காரத்தனம் என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐரோப்பாவில் புதுக் கார்களில் பெரும் பகுதி லீஸில் போகிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு எடுத்துத் தரும் கார்கள் அதில் நிறைய. மூன்று, நான்கு ஆண்டுகளில் லீஸ் முடிந்து கார் பழைய கார் சந்தைக்கு வரும். ஆகவே செயலி வசதிகள் எல்லாம் முதல் மூன்று ஆண்டு இலவசம் என்று வைத்தேன். புதுக் காரில் போகிறவர் பெரும்பாலும் சந்தா என்ற ஒன்றைப் பார்க்கவே மாட்டார். காரை ஓட்டிப் பார்த்து எழுதும் பத்திரிகையாளரும் பார்க்க மாட்டார். பூட்டு விழும்போது காரை வைத்திருப்பவர், புதுக் கார் வாங்க வசதியில்லாமல் பழையதை வாங்கியவர். வசதி உள்ளவருக்கு இலவசம், இல்லாதவருக்குச் சந்தா. இதுதான் என் உத்தி. இவ்வளவு பச்சையாக அன்று எழுதவில்லை. ‘முதல் உரிமையாளரின் மகிழ்ச்சி’ என்று தலைப்புக் கொடுத்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட என் குற்றம் பாதிதான்.

குளிர் நாடுகளில் மின்சாரக் காருக்கு ஒரு தொல்லை உண்டு. எஞ்சின் சூடு கிடையாது. ஹீட்டர் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். அதனால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் கணிசமாகக் குறையும். இதற்கு நல்ல வழி, சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடாக்கிவிடுவது. வீட்டு மின்சாரம் செலவாகும், பேட்டரி முழுதாக இருக்கும். எங்கள் கார்களில் புறப்படும் நேரத்தைத் திரையில் குறித்துவைத்தால் கார் தானே சூடாகிக் காத்திருக்கும். செயலியிலும் அதையே செய்யலாம்.

திரையில் இருந்ததை எடுத்துவிட்டு, செயலியில் மட்டும் வைக்கலாம் என்று எழுதியவன் நான். ‘திரையில் சும்மா கிடைத்தால் செயலிக்கு யார் காசு கட்டுவார்?’ இது என் மின்னஞ்சலின் முதல் வரி. அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அது திரையிலிருந்து மறைந்தது.

என் குழுவில் ஒரு பையன் இருந்தான். திருவண்ணாமலைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கணக்கை அவன்தான் போட்டான். இலவசக் காலம் முடியும் தேதிகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் விழும், வாங்கும் இரண்டாவது உரிமையாளருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்று எடுத்துக் காட்டினான். “அண்ணா, இதை முதல் பக்கத்துலயே போட்டுடலாமே. பாவம், வாங்குறவங்களுக்குத் தெரியாதுல்ல?” என்றான்.

“பின்னிணைப்புல இருக்கட்டும்ப்பா. கேட்டா காட்டிக்கலாம்” என்றேன்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டங்களில் எவரும் பின்னிணைப்பு வரை போவதில்லை. அந்த நொடியில் எனக்குப் பயம் இருந்தது. முதல் பக்கத்தில் போட்டால் திட்டம் நின்றுவிடும், திட்டம் நின்றால் என் பதவி உயர்வு நின்றுவிடும். கெட்டிக்காரன் என்று சொன்ன வாய், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். இவைதான் காரணங்கள். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

திட்டம் நிறைவேறியது. சந்தா எடுத்தவர்கள் எண்ணிக்கை கூடியது. வேறு வழியில்லாமல் எடுத்தவர்களை ‘விரும்பித் தொடர்கிறவர்கள்’ என்று அறிக்கையில் எழுதினேன். போனஸ் வந்தது. மேடவாக்கத்து ஃபிளாட்டின் கடனில் ஒரு பகுதியை அடைத்தேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. வாடிக்கையாளர் புகார்கள் மொழிபெயர்க்கப்பட்டு எங்களுக்கும் ஒரு நகல் வரும். எழுதியவர் ஒரு செவிலி. முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் கவனித்துக்கொள்ளும் வேலை. எங்கள் காரைப் பழையதாக வாங்கியிருக்கிறார். வாங்கிய புதிதில் காலையில் கார் சூடாகக் காத்திருந்தது. ஒரு நாள் நின்றுபோனது. பழுது என்று நினைத்து வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார். சோதனைக்குக் காசு கட்டினார். காரில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று அங்கேயும் எவருக்கும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டில் கண்ணாடியின் பனியைச் சுரண்டினார். பேட்டரியைச் செலவழித்துக் காரைச் சூடாக்கினார். வேலைக்கு நடுவே சார்ஜ் போட நிற்க வேண்டியதாயிற்று. சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காலை ஊசி போடத் தாமதமாகப் போன நாளைப் பற்றி எழுதியிருந்தார். கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. இதை யார் முடிவு செய்தார்கள், ஏன் என்று மட்டும் கேட்டிருந்தார்.

முடிவு செய்த நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் பதில் எழுதவில்லை. ‘விதிமுறைகளில் குறிப்பிடப்பட்டுள்ளது’ என்ற வழக்கமான பதிலை அனுப்பச் சொல்லிப் புகாரை மூடினேன். அந்தப் பையனும் கடிதத்தைப் படித்திருந்தான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மௌனம் எனக்குக் குற்றச்சாட்டாகப் பட்டது. அந்த ஆண்டு அப்ரைசலில் அவனுக்கு ‘வணிக நோக்கு போதாது’ என்று எழுதினேன். அவனுக்கு வர வேண்டிய சம்பள உயர்வு வரவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுப் போனான். செவிலிக்குச் செய்ததை முகம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன்.

சந்தாவே தவறு என்று நான் சொல்லவில்லை. காருக்குள் இருக்கும் சிம்முக்கு நிறுவனம் மாதாமாதம் பணம் கட்டுகிறது. வரைபடத்தைப் புதுப்பிக்க, சர்வரை ஓட்டச் செலவு உண்டு. அதற்கு விலை கேட்பது நியாயம். முன்னாலேயே சொல்லிவிட்டுக் கேட்பது முழு நியாயம். ஆனால் காருக்குள் இருக்கும் கடிகாரம் மணி பார்த்து, காருக்குள் இருக்கும் ஹீட்டரைப் போடுவதற்கு எந்த சர்வரும் வேண்டாம். செலவே இல்லாத ஒன்றுக்கு விலை வைப்பதற்காக, அதைச் செலவுள்ள ஒன்றோடு வேண்டுமென்றே கட்டிப்போட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் மோசடி இந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துவிடும்.

நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று நினைக்க வேண்டாம், கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போனேன். நான் கிளம்பும் வரை அந்த விதி மாறவில்லை. மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதும் அதிகாரம் எனக்கு இருந்தது. எழுதவில்லை. அந்தப் பையனிடம் இப்போது மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை.

நம் ஊரிலும் இப்போது கார்கள் செயலியோடு வருகின்றன. வசதிகள் சில ஆண்டு இலவசம் என்று விளம்பரம் செய்கிறார்கள். இந்த மின்சாரக் கார்கள் இனி வரிசையாகப் பழைய கார் சந்தைக்கு வரும். வாங்கப் போகிறவர்கள் பேட்டரியின் ஆயுளை மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தெந்த வசதி எந்தத் தேதியில் நின்றுபோகும், பெயர் மாற்றினால் எது உங்களுக்கு வரும், எது வராது, சந்தா கட்டாவிட்டால் காரின் திரையில் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் காரை வாங்காதீர்கள்.